சயாம் ரயிலும் ஒரு பெயர்ப்பட்டியலும்

பாங்காக் போற நம்ம ஆளுங்க பார்க்கிற இடங்கள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். படுத்திருக்கும் புத்தர், மிதக்கும் சந்தை, பட்டாயா கடற்கரை, கடைசி நாள் ஷாப்பிங். அங்கிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் போனா ஒரு ஊர் வருது. பேரு காஞ்சனபுரி. அம்புலிமாமா கதையில வர்ற தங்க நகரம் மாதிரி அழகான பேரு. ஆனா அந்த ஊருக்கு வெள்ளைக்காரங்க கூட்டம் கூட்டமா வர்றது வேற ஒரு காரணத்துக்காக. இரண்டாம் உலகப்போர்ல ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை, அதாங்க 'மரண ரயில்', அந்த வழியாத்தான் போகுது.

தோன்புரி ஸ்டேஷன்ல காலையில மூணாம் வகுப்பு ரயில் பிடிச்சேன். மரபெஞ்சு, திறந்த ஜன்னல், கூடையில கோழிப்பொரியல் விக்கிற அம்மா... ரெண்டரை மணி நேரத்துல காஞ்சனபுரி. ஸ்டேஷன்லேர்ந்து நடந்தே போயிடலாம். முதல்ல வர்றது போர்க் கல்லறைத் தோட்டம். அதுக்குப் பக்கத்துலயே 2003-ல் திறந்த 'தாய்லாந்து-பர்மா ரயில் மையம்' என்கிற மியூசியம். நான் போனது இந்த மியூசியத்துக்குத்தான்.

உள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம்.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பான் கையில் விழுந்தது. சீக்கிரமே பர்மாவும் விழுந்தது. பர்மாவுல இருக்கிற படைக்குச் சாப்பாடும் குண்டும் அனுப்பணும். கப்பல்ல அனுப்பினா மலாக்கா ஜலசந்தியைச் சுத்திக்கிட்டுப் போகணும், நேசநாட்டு நீர்மூழ்கிகள் காத்துக்கிட்டு இருக்கும். அதனால தாய்லாந்துல இருக்கிற பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவுல தன்பியூசயாத் வரைக்கும், மலையையும் காட்டையும் குடைஞ்சு 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவு செஞ்சாங்க. இதே வழியைப் பிரிட்டிஷ்காரங்க முன்னாடியே யோசிச்சுப் பார்த்து, வேண்டாம்னு கைவிட்டிருந்தாங்க. அப்படிப்பட்ட நிலம். ஜப்பான்காரன் 1942-ன் நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17-ல் ரெண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் கொங்கொய்த்தா என்ற இடத்தில் சேர்த்துட்டான். பெரிய மெஷின் எதுவும் கிடையாது. மம்பட்டி, கூடை, சுத்தியல், உளி, கொஞ்சம் வெடிமருந்து. மத்தது எல்லாம் மனுஷ உடம்பு.

அந்த உடம்புகள் ரெண்டு வகை. ஒண்ணு, போர்க்கைதிகள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, கொஞ்சம் அமெரிக்க வீரர்கள், மொத்தம் 60,000-க்கும் மேல. அதுல செத்தவங்க ஏறத்தாழ 12,600 பேர். ரெண்டாவது வகை, ஆசியக் கூலிகள். ஜப்பான் மொழியில 'ரோமுஷா'. பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், அப்புறம் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர். இவங்க தொகை 1,80,000-லிருந்து 2,50,000 வரைன்னு பலவிதமாச் சொல்றாங்க. செத்தவங்க சுமார் 90,000.

கவனிச்சீங்களா? முதல் வகைக்குக் கணக்கு நூறு வரைக்கும் துல்லியமா வருது. ரெண்டாவது வகைக்கு 'சுமார்'. இந்த 'சுமார்' பத்தித்தான் நான் எழுத வந்தது.

மியூசியம் நல்ல மியூசியம், அதைச் சொல்லிடணும். பாதை போன மலைகளை மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. எந்த இடத்துல எந்த முகாம், எப்போ மழை, எப்போ காலரா, எல்லாம் வரிசையா விளங்குது. நோயாளிகளை வெச்சிருந்த மூங்கில் கொட்டகை, கைதிகள் தகரத்துல செஞ்ச சாப்பாட்டுத் தட்டு, துருப்பிடிச்ச ஆணிகள்... 1943-ல் 'ஸ்பீடோ' காலம்னு ஒண்ணு வந்துச்சு. வேலையைச் சீக்கிரம் முடிக்கணும்னு காவலர்கள் 'ஸ்பீடோ! ஸ்பீடோ!'ன்னு கத்திக்கிட்டு மூங்கில் கழியால அடிச்ச மாதங்கள். அதே நேரத்துல பருவமழையும் காலராவும் சேர்ந்துக்கிச்சு. 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 'எஃப் ஃபோர்ஸ்' என்று 7,000 கைதிகளை அனுப்பினாங்க. ரயில்ல வந்து இறங்கி, அப்புறம் 300 கிலோமீட்டர் ராத்திரி ராத்திரியா நடந்தே மேல் முகாம்களுக்குப் போனவங்க. அதுல 3,000 பேருக்கு மேல திரும்பி வரலை.

ஆசியக் கூலிகளைப் பத்தியும் இங்கே இருக்கு. மறைக்கலை. ஆனா ஒரு வித்தியாசம் போகப் போகத் தெரியுது. போர்க்கைதி பக்கம் எல்லாத்துக்கும் ஒரு பேர் இருக்கு. இந்த டைரி இவர் எழுதினது, இந்தப் படம் இவர் வரைஞ்சது, இந்த டாக்டர் இந்த முகாம்ல இருந்தார்னு. கூலி பக்கம் வந்தா எண்ணிக்கை மட்டும்தான்.

மாடியில காபி குடிக்க ஒரு இடம். ஜன்னல் வழியாப் பார்த்தா கீழே கல்லறைத் தோட்டம் முழுசாத் தெரியும். 6,982 பேர் அங்கே இருக்காங்க. வெட்டிவிட்ட புல், ஒவ்வொருத்தருக்கும் தரையோடு ஒரு பலகை, அதுல பேர், படைப்பிரிவு, தேதி, வயசு. கீழே வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்த ஒரு வரி. நான் இறங்கிப் போய் அரை மணி நேரம் வரிசை வரிசையாப் படிச்சுக்கிட்டே நடந்தேன். 22, 24, 27ன்னு வயசு. தாடி நரைச்ச ஒரு வெள்ளைக்காரர் ஒரு பலகை முன்னாடி குனிஞ்சு சின்னக் கொடி ஒண்ணு நட்டுட்டு, ரொம்ப நேரம் அப்படியே நின்னார். அப்பாவோ, பெரியப்பாவோ... எண்பது வருஷம் கழிச்சும் வந்து நிக்க அவருக்கு ஒரு இடம் இருக்கு.

இது எப்படி முடிஞ்சது? போர் முடிஞ்ச உடனே, 1945 செப்டம்பர் மாசக் கடைசியில, நேசநாட்டுக்காரங்க ஒரு குழுவை அதே ரயில் பாதையில அனுப்பினாங்க. அதுல இருந்தவங்க பலர் அப்பத்தான் விடுதலையான கைதிகள். கையில, முகாம்கள்ல ரகசியமா எழுதி, மூங்கில் குழாயிலும் புதைச்ச டப்பாவிலும் காப்பாத்தி வெச்ச பட்டியல்கள். யார், எந்தத் தேதி, எந்த இடத்துல புதைச்சோம்னு. அதை வெச்சு 144 இடுகாடுகள்ல 10,549 கல்லறைகளைக் கண்டுபிடிச்சாங்க. பிறகு எடுத்துவந்து காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாத்னு மூணு தோட்டங்கள்ல அடக்கம் செஞ்சாங்க. அமெரிக்கர்கள் தங்கள் ஆட்களை ஊருக்கே கொண்டுபோயிட்டாங்க.

ஆக, அந்தப் பலகைகளுக்கு அடியில இருக்கிறது எலும்பு மட்டும் இல்லை. ஒரு பட்டியல்.

சரி, நம்ம ஆளுங்க கதைக்கு வருவோம்.

நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பலேறி பினாங்குல இறங்கினவங்க. 'ரஜூலா' கப்பல் பேரை இன்னிக்கும் சில வீடுகள்ல சொல்வாங்க. தோட்டத்துல பால்மரம் வெட்டி, லயத்துல குடியிருந்து, கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் கட்டுப்பட்டு வாழ்ந்த சனம். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிட்டாங்க, இல்லைன்னா சிறைக்குப் போனாங்க. ரப்பர் வாங்க ஆளில்லை. மலாயாவுக்கு அரிசியில பெரும்பங்கு வெளியிலிருந்துதான் வரணும், அதுவும் நின்னுபோச்சு. மரவள்ளிக்கிழங்கைத் தின்னுக்கிட்டு இருந்த நேரத்துல ஒரு அறிவிப்பு வருது: சயாம்ல ரயில் ரோடு வேலை. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூணு மாசம்தான், சாப்பாடு உண்டு, குடும்பத்தோடயும் வரலாம். போகாம இருப்பானா? முதல்ல ஆசைப்பட்டுப் போனாங்க. போனவன் திரும்பலைன்னதும் யாரும் பேர் கொடுக்கலை. அப்புறம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை தலைன்னு கோட்டா. கிராணியும் கங்காணியும் ஆள் காட்டினாங்க. இலவச சினிமான்னு கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில ஏத்தின கதையைப் பல பேர் சொல்லியிருக்காங்க. கடைக்குப் போனவன், வேட்டி சட்டையோட ரோட்டுல நின்னவன், எல்லாரையும் அள்ளினாங்க. கூட்ஸ் வண்டியில அடைச்சு பான்போங் வரைக்கும், அங்கிருந்து நடை.

இதுல இன்னொரு முடிச்சும் இருக்கு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் இதே தோட்டங்கள்லேர்ந்து ஆயிரக்கணக்கான தமிழர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தாங்க. அந்த ராணுவத்தின் ஆட்கள் பர்மா முனைக்குப் போக, இதே ரயில் பாதையும் பயன்பட்டது. ஒரே லயத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க. ஒருத்தன் தண்டவாளத்துக்கு அடியில, இன்னொருத்தன் அது மேல ஓடுற வண்டியில. ரெண்டு பேருக்கும் ஜப்பான்தான் எஜமானன். இதுல யார் வீரன், யார் கூலின்னு பிரிச்சுப் பேசறவங்களைக் கண்டா எனக்குக் கோபம்தான் வரும்.

முகாம்ல என்ன ஆச்சு? வேலையும் அடியும் மழையும் எல்லாருக்கும் பொதுதான். ஆனா கைதிகள் ஒரு ராணுவம். அவங்களுக்கு அதிகாரி உண்டு, டாக்டர் உண்டு. தண்ணியைக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும், சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீர்ல முக்கணும், கக்கூஸ் குழி தள்ளி வெட்டணும்னு சொல்லவும், மீறினா தண்டிக்கவும் ஆள் இருந்தது. அப்படி இருந்தே அஞ்சுல ஒருத்தர் செத்தாங்க. கூலிகளுக்கு எதுவும் கிடையாது. வெவ்வேறு தோட்டம், வெவ்வேறு மொழி, கூடவே சில இடங்கள்ல பொண்டாட்டி பிள்ளைங்க. டாக்டர் இல்லை, மருந்து இல்லை. ஆத்துத் தண்ணியை அப்படியே குடிச்சாங்க. மேல் முகாம்ல காலரா வந்தா கீழ் முகாமுக்கு ஆறே அதைக் கொண்டுவந்து சேர்த்தது. 1943-ல் சாவு கை மீறிப் போனதும் ஜப்பான்காரங்களே சிங்கப்பூர் சாங்கி சிறை முகாமிலிருந்து 'கே ஃபோர்ஸ்', 'எல் ஃபோர்ஸ்' என்று ரெண்டு மருத்துவக் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினாங்க. ரெண்டும் சேர்ந்து சுமார் 350 பேர், அவங்களும் கைதிகள்தான். லட்சக்கணக்கான சனத்துக்கு 350 பேர்.

போருக்கப்புறம் கிடைச்ச ஜப்பானியக் கணக்கு ஒண்ணு உண்டு. மலாயாவிலிருந்து கொண்டுபோன கூலிகள் சுமார் 78,000. செத்தவங்க கிட்டத்தட்ட 30,000. அப்புறம் ஒரு வரி: 'ஓடிப்போனவர்கள்' 24,000-க்கு மேல்! காட்டுக்குள்ள, மொழி தெரியாத ஊர்ல, மலேரியாவோட 24,000 பேர் எங்கே ஓடிப்போவாங்க? தாய்லாந்துக் கிராமங்கள்ல ஒண்டிப் பிழைச்சவங்க சிலர் உண்டு. மத்தவங்க? கணக்கப்பிள்ளை எழுதின ஒரு வார்த்தை, அவ்வளவுதான். கைதிகள் பக்கம் மூங்கில் குழாய்க்குள்ள ஒளிச்சு வெச்ச பட்டியல். நம்ம பக்கம் 'ஓடிப்போனவர்கள்'.

இப்போ மொத்தமா ஒரு கணக்குப் போடுங்க. 415 கிலோமீட்டர். செத்தவங்க சுமார் ஒரு லட்சம். நாலு மீட்டருக்கு ஒரு உயிர். 'ஒரு சிலிப்பர் கட்டைக்கு ஒரு உயிர்'னு சொல்ற பேச்சு மிகைதான், ஆனா இந்தக் கணக்கே போதும். அந்த நாலு மீட்டர்ல எட்டுல ஏழு பங்கு கூலிகளோடது. ஆனா பாதையோரமா பேர் எழுதின பலகை இருக்கிறது மீதி ஒரு பங்குக்கு மட்டும்.

ஊருக்குள்ள இன்னொரு மியூசியம் இருக்கு. ஒரு புத்த கோயில் வளாகத்துல, கைதிகள் இருந்த மூங்கில் கொட்டகை மாதிரியே கட்டி 1977-ல் அந்தக் கோயில் தலைமைப் பிக்கு ஆரம்பிச்சது. பேரு 'ஜீத்'. சாவுக்கான ஆங்கில வார்த்தை 'டெத்' இருக்கே, அதுல முதல் எழுத்தை மாத்தினது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு நாடு: ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்து ஒரு எழுத்து, தாய்லாந்து, ஹாலந்து. படிச்சுட்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பர்மா இல்லை, ஜாவா இல்லை, மலாயா இல்லை, இந்தியா இல்லை. அந்தப் பிக்கு மேல குத்தம் சொல்லலை. சுருக்கமா, ஞாபகம் இருக்கிற மாதிரி ஒரு பேர் வேணும்னு வெச்சிருக்கார். ஆனா அதிகமாச் செத்தவங்க யாரும் அந்தப் பேருக்குள்ள இல்லை.

சினிமாவும் அப்படித்தான். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957-ல் வந்தது. எடுத்த இடம் இலங்கையில கித்துல்கல. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952-ல் எழுதின நாவலிலிருந்து எடுத்தது. படம் வந்தபின் ஊரே அந்தப் பாலத்தைத் தேடி வந்தது. உண்மையில பாலம் இருந்தது மே க்லோங் ஆத்து மேல. வர்றவங்களுக்கு வசதியா, 1960-ல் ஆத்தோட அந்தப் பகுதிக்கே 'க்வே யாய்'னு பேரை மாத்திட்டாங்க. ஒரு சினிமாவுக்காக ஒரு ஆத்துக்குப் பேர் மாறுச்சு. ஆத்தோரம் செத்த 90,000 பேர்ல ஒருத்தர் பேரையும் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் கேக்கலை.

பாலத்துக்கு நடந்து போனேன். இரும்புப் பாலம், நடுவுல ரெண்டு துண்டு மட்டும் வேற வடிவம். குண்டு விழுந்து உடைஞ்சதைப் போருக்கப்புறம் ஜப்பான் கம்பெனியே மாத்திக் கொடுத்தது. எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கிறாங்க. நானும் எடுத்தேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்துல, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு இடம் இருக்கு. ஜப்பான் ராணுவமே 1944-ல் கட்டின நினைவுத்தூண். பாதை போட்டதுல செத்தவங்களுக்காம். சுத்துச்சுவர்ல பல மொழிகள்ல கல்வெட்டு பதிச்சிருக்காங்க. ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டே வந்தவன் ஒரு இடத்துல நின்னுட்டேன்.

தமிழ்.

வெளிநாட்டுல எங்கேயாவது தமிழ் எழுத்தைப் பார்த்தா நமக்கு ஒரு சந்தோஷம் வருமே, அது வரலை. அந்த ஊர்ல பார்த்த அத்தனை மியூசியத்துலயும் கல்லறையிலயும், அந்தக் காலத்திலேயே தமிழ்ல எழுதி வெச்சது இந்த ஒரு இடத்துலதான் என் கண்ணுல பட்டுச்சு. எழுதி வெச்சது, வேலை வாங்கிக் கொன்னவன். செத்தது எந்தெந்த மொழிக்காரன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்தது. பேர்தான் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

அப்புறம் என்ன நடந்தது? ரயில் பாதை சம்பந்தமா நடந்த போர்க்குற்ற விசாரணைகள்ல 111 பேர் தண்டிக்கப்பட்டாங்க, அதுல 32 பேருக்குத் தூக்கு. தாய்லாந்துப் பக்கப் பாதையைத் தாய்லாந்து அரசு 12,50,000 பவுண்டுக்கு வாங்கிக்கிச்சு. இன்னிக்கும் நாம் தோக் வரை வண்டி ஓடுது. 1951 சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்துல, கைதிகளுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்க ஒரு பிரிவு இருந்தது. 2000-ல் பிரிட்டிஷ் அரசு, உயிரோட இருந்த தன் பழைய கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. பட்டியல் இருந்தது, கொடுத்தாங்க. தோட்டத்துக்குத் திரும்பி வந்த தமிழன்? மறுபடி பால்வாளியைத் தூக்கிக்கிட்டு மரத்துக்குப் போனான். திரும்பி வராதவனோட பொண்டாட்டி, தாலியைக் கழட்டுறதா வேணாமான்னு தெரியாம வருஷக்கணக்கா உக்காந்திருந்தா. சாவுச் செய்தின்னு ஒண்ணு வந்தாத்தானே கழட்டுறதுக்கு?

நம்ம ஆளுங்க யாருமே எழுதலைன்னு சொல்ல முடியாது. மலேசியாவுல ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னு ஒரு நாவலும், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்'னு ஒரு நாவலும் எழுதியிருக்காங்க. உயிர் தப்பி வந்த பெரியவங்களைத் தேடித் தேடிப் பேட்டி எடுத்தவங்க இருக்காங்க. 2023-ல் தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சியில, தமிழ்நாடு அரசும் உதவி, காஞ்சனபுரியில ஒரு நடுகல் நட்டாங்க. போருக்கப்புறம் எண்பது வருஷம் ஆகப் போற நேரத்துல. நடுகல்னா நமக்குத் தெரியாததா? ஊர்மாட்டை மீட்டுச் செத்தவனுக்கும், புலியோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே கல் நட்டு, அதுல 'இன்னார் மகன் இன்னான்'னு பேர் வெட்டின சனம் நாம. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் போனா இன்னிக்கும் அந்தப் பேரைப் படிக்கலாம். ஆனா காஞ்சனபுரி நடுகல்ல எந்தப் பேரை வெட்டுறது? பட்டியல் இல்லையே. அது எல்லாருக்கும் பொதுவா ஒரு கல்.

போர் மியூசியம்னா துப்பாக்கியும் பீரங்கியும் பார்க்கலாம்னு நினைச்சுப் போறோம். இங்கே நான் பார்த்ததுல பெரிய ஆயுதம் ஒரு துண்டுப் பென்சில். அது கையில இருந்தவன் செத்தும் ஆளா நிக்கிறான். இல்லாதவன் 'சுமார்'ல ஒருத்தன் ஆயிட்டான். அவனும் அதே மழையில நின்னான், அதே காலராவுலதான் செத்தான்.

இதைப் படிக்கிற சிலர் வீட்டுல, மலாயாவுக்குப் போய் அப்புறம் தகவலே இல்லாம போன ஒரு தாத்தாவோ, தாத்தாவோட அண்ணனோ இருக்கலாம். 'சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம்'னு பாட்டி எப்பவோ சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் மிச்சம் இருக்கலாம். தெரிஞ்சவங்க உயிரோட இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சிடுங்க. பேர், அப்பா பேர், ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம். அஞ்சு வரி போதும். 1945-ல் அந்தப் பாதையில தேடிப் போனவங்க கையில இருந்ததும் இவ்வளவுதான்.